எட்டும் தூரமும் சுடத்தகும் தூரமும்

"நெடுந்தூர வேட்டைக்கு எந்த ரவை சிறந்தது?" வட அமெரிக்காவின் மலைச்சாரல்களிலும், ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களிலும், நியூசிலாந்தின் பனிமலைச் சரிவுகளிலும் மான் வேட்டைக்குச் செல்வோர் ஓயாது கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்வார். அனுபவஸ்தர் இன்னொரு பெயரைச் சொல்வார். ரவைப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் மூன்றாவது ஒன்றைச் சொல்லும்.

கேள்வியே தலைகீழாகக் கேட்கப்படுகிறது என்பது எமது அபிப்பிராயம். சன்னம் விலங்கைச் சென்று சேரும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதே முதற் கேள்வி. அதை அச்சன்னம் எவ்வளவு தூரம் வரை செய்யும், சுடுபவரின் கை எவ்வளவு தூரம் வரை செய்யும் என்பது இரண்டாவது. ரவையின் பெயர் கடைசியிலேயே வரவேண்டும். ஆனால் இன்று பலர் தூரத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, அத்தூரத்தை எட்டும் ரவையைத் தேடிப் போகிறார்கள். எட்டுவது வேறு, சுடத்தகுவது வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வேட்டையே ஆகாது என்போர் எம்மிடையே உண்டு. அந்த வாதத்தை நாம் இங்கே தொடவில்லை. கனடாவின் வடபுலத்தில் வாழும் இனுயிற், கிறீ மக்களுக்கும், அமெரிக்க, நோர்வேஜியக் கிராமக் குடும்பங்கள் பலவற்றுக்கும் வேட்டை இறைச்சி பொழுதுபோக்கன்று. அது குளிர்காலத்துக்கான உணவு. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வேட்டை நடக்கிறதெனில் இரண்டு விடயங்கள் கட்டாயமானவை. விலங்கு வதைபடாமல் விரைவில் இறக்க வேண்டும். இறைச்சியை உண்ணும் வீட்டுக்குத் தீங்கு வரக்கூடாது. இவ்விரண்டையும் பெருமளவில் தீர்மானிப்பது சன்னத்தின் தெரிவும் தூரத்தின் தெரிவுமே.

ரவையும் சன்னமும்

பேச்சு வழக்கில் ரவையையும் சன்னத்தையும் ஒன்றாகவே கொள்கிறோம். ஆனால் ரவை என்பது முழுத் தொகுதி: பித்தளைக் கோது, அதன் அடியில் தீ மூட்டும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயிலே சன்னம். குழலை விட்டுப் பறந்து விலங்கைச் சேர்வது சன்னம் மட்டுமே. மற்றவையெல்லாம் அதை அனுப்பிவைக்கும் ஏற்பாடுகள்.

கரிமருந்துக் காலத்தில் சன்னத்தின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியவில்லை. எனவே வேட்டைக்காரர் பாரத்தைக் கூட்டினர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், பாரமான ஈயக்குண்டுக்கும் பெருமளவு மருந்துக்கும் பரிந்து பேசியவர். அத்தகைய துவக்குகளுடன் நம் நாட்டு யானைகளைச் சுட்டவர்கள் சில பாக தூரத்துக்குள் நெருங்கியே சுட்டனர். அவ்வேட்டைகளால் மலைநாட்டு யானைகள் அழிந்தது வேறொரு துயரக் கதை.

1880களில் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1886 இல் அந்நாட்டு இராணுவம் அதைப் பயன்படுத்தும் லெபல் றைபிளை ஏற்றுக்கொண்டது. அதன் பின் சன்னம் சிறுத்தது, வேகம் பெருகியது, முனை கூர்மையாகியது. இன்று வேட்டைக்காரர் வாயில் அடிபடும் பெயர்கள் அந்த வழியில் வந்தவையே. .30-06 ஸ்பிறிங்பீல்ட் 1906 இலும், .270 வின்செஸ்ரர் 1925 இலும், .308 வின்செஸ்ரர் 1952 இலும் வந்தன. கூடிய மருந்து கொண்ட 7 மி.மீ. றெமிங்ரன் மக்னம் 1962 இலும், .300 வின்செஸ்ரர் மக்னம் 1963 இலும் வந்தன. 2007 இல் வந்த 6.5 கிறீட்மூர், நீண்டு மெலிந்த சன்னத்தைக் குறைந்த உதைப்புடன் அனுப்புவதால் மிக விரைவில் புகழ்பெற்றது. ஆயினும் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 1890களில் பிறந்த 6.5 x 55 ரவை இன்றும் பெரிய மூஸ் மான்களை வீழ்த்திக்கொண்டிருக்கிறது. ரவை புதிதா பழையதா என்பதில் விலங்குக்கு எந்த வேறுபாடும் இல்லை.

ஒரு சாண் வட்டம்

மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் அமைந்திருக்கும் இடம் ஏறத்தாழ ஒரு சாண் அகலமான வட்டம். சன்னம் அதற்குள் விழுந்தால் விலங்கு சில செக்கன்களில் உணர்விழக்கும். சற்றுப் பின்னால் குடலில் விழுந்தால் மணிக்கணக்காக வதைபட்டு, பற்றைக்குள் ஒளிந்து, பெரும்பாலும் எவருக்கும் பயன்படாமல் இறக்கும். காலில் பட்டால் நாட்கணக்காகத் துன்புறும். ஆகவே நெடுந்தூரம் பற்றிய பேச்செல்லாம் இந்த ஒரு சாண் வட்டத்துக்குள் அடங்க வேண்டிய பேச்சு.

எண்களைப் பார்ப்போம். .308 ரவையின் 11 கிராம் அளவான சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. 200 மீற்றரில் குறி சரியாக விழும்படி றைபிளைச் சீர்செய்தால், 300 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் தாழ்ந்து விழும். 500 மீற்றரில் அது ஒன்றரை மீற்றருக்கு மேல் தாழ்ந்துவிடும். எனினும் தாழ்வு பெரிய பிரச்சினையன்று. தூரத்தை அளக்கும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. தொலைநோக்கியைத் திருப்பித் தாழ்வை ஈடுசெய்யலாம்.

காற்றை அளப்பதுதான் கடினம். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாது அசையும் அளவான காற்று, மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் வீசுகிறதென வைப்போம். அது இதே சன்னத்தை 300 மீற்றரில் ஏறத்தாழ ஒரு சாணும், 500 மீற்றரில் 60 சென்ரிமீற்றருக்கு மேலும் தள்ளிவிடும். காற்றைக் கிழித்துச் செல்வதில் பெயர்பெற்ற 6.5 கிறீட்மூரின் சன்னமும் 500 மீற்றரில் அரை மீற்றருக்கு அண்மையாக விலகும். சரி, காற்றையும் கணக்கிட்டுச் சுடுகிறார் என்றே கொள்வோம். அவரது மதிப்பீடு மணிக்கு 4 கிலோமீற்றர் மட்டும் பிழைத்தால் என்ன ஆகும்? 300 மீற்றரில் சன்னம் வட்டத்துக்குள்ளேயே விழும். 500 மீற்றரில் எந்த ரவையாயினும் அது வட்டத்தின் விளிம்பைத் தாண்டிவிடக்கூடும். பள்ளத்தாக்கின் இக்கரையில் நிற்பவர், நடுவிலும் அக்கரையிலும் வீசும் காற்றை நாலு கிலோமீற்றர் நுட்பத்துடன் எப்படி அறிவார்?

இன்னொன்றும் உண்டு. 500 மீற்றரைக் கடக்க அச்சன்னத்துக்கு ஏறத்தாழ முக்கால் செக்கன் பிடிக்கிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சை நோக்கி அனுப்பிய சன்னம் குடலில் விழும். இதற்கு எந்த ரவையும் பொறுப்பேற்க முடியாது. இலக்குப் பலகை ஒருபோதும் அடி எடுத்து வைப்பதில்லை என்பதால், பலகையில் பெற்ற திறமை இங்கே பாதித் திறமையே.

சன்னம் விரியும் வேகம்

சன்னம் வட்டத்துக்குள் விழுந்தாலும் கதை முடியவில்லை. அது உள்ளே சென்று காளான் போல விரிய வேண்டும். விரியாத சன்னம் ஊசிபோல் துளைத்து வெளியேறிவிடும். விலங்கு காயத்துடன் ஓடும். 1899 இல் ஹேக் நகரில் செய்யப்பட்ட பிரகடனம், போரில் மனித உடலுக்குள் விரியும் சன்னங்களைத் தடைசெய்தது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையின் பெயரால் உலகம் அவற்றை அறியும். ஆனால் பிரித்தானியாவின் மான் வேட்டைச் சட்டங்கள் விரியும் சன்னத்தையே கட்டாயமாக்குகின்றன. முரண்பாடு போலத் தோன்றினும் இரண்டின் நோக்கமும் தேவையற்ற வேதனையைத் தவிர்ப்பதே. போர்வீரன் காயத்துடன் பிழைக்க வேண்டும் என்பது முன்னதன் கருத்து. காயத்துடன் விலங்கு அலையக்கூடாது என்பது பின்னதன் கருத்து.

விரிவதற்கு வேகம் வேண்டும். வேட்டைச் சன்னங்கள் பலவற்றுக்குச் செக்கனுக்கு 550 மீற்றர் அளவான வேகம் ஒரு பொதுவான கீழெல்லை. அதற்குக் கீழே அவை நம்பத்தகுந்தவாறு விரிவதில்லை. மேற்சொன்ன .308 சன்னம் 500 மீற்றரை எட்டும்போது அந்த எல்லைக்கு வந்துவிடுகிறது. பெட்டியின் மேலுள்ள எண் குழல்வாயின் வேகத்தைச் சொல்கிறது. விலங்கோ குழல்வாயில் நிற்பதில்லை.

அப்படியானால் கூடிய மருந்தும் கூடிய வேகமும் கொண்ட மக்னம் ரவையை வாங்கினால் போதாதா? போதாது. வேகமாகச் செல்லும் மென்மையான சன்னம், விலங்கு அருகில் நின்றால் தோளெலும்பிலேயே சிதறிவிடும். 1946 இல் ஜோன் நொஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் ஒன்றைச் சுட்டபோது அவருடைய அதிவேகச் சன்னங்கள் உள்ளே ஊடுருவாமல் பயனற்றுப் போயின. அதன் விளைவாக அவர் நடுவிலே செம்புத் தடுப்புச் சுவர் கொண்ட 'பார்ட்டிஷன்' சன்னத்தை உருவாக்கினார். முன்பகுதி விரியும், பின்பகுதி சிதையாமல் ஊடுருவும். மறுபக்கத்தில், சிதையாதபடி கடினமாக்கப்பட்ட சன்னங்கள் பல, வேகம் குறைந்த தூரத்தில் விரிய மறுக்கின்றன. அருகிலும் தொலைவிலும் ஒரேபோல் வேலை செய்யும் சன்னத்தை ஆக்குவது இன்றுவரை கடினமான காரியமே. ஆகவே எவ்வளவு தூரத்துக்குள் சுடப்போகிறோம் என்பதைக் குறுக்கிக்கொள்பவருக்கே நல்ல சன்னம் எளிதில் அமையும்.

மக்னத்துக்கு வேறொரு விலையும் உண்டு. அது தோளை உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்குமுன் கண்ணை மூடுகிறார், குழல் அசைகிறது. இரண்டு ஏர் நிலத்துக்குப் பத்துக் குதிரைவலு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய கமக்காரனின் கதைதான் இது. இயந்திரம் பெரிது, ஆனால் எண்ணெய்ச் செலவுக்குப் பயந்து அதை இயக்குவதில்லை. மக்னம் வாங்கியவரும் உதைக்கும் ரவையின் விலைக்கும் பயந்து பயிற்சி செய்வதில்லை. பயிற்சியற்ற பெரிய ரவையைவிடக் கைக்கு அடங்கிய சிறிய ரவை விலங்குக்கு இரக்கமானது.

சட்டம் எங்கே அளக்கிறது?

இவ்விடயத்தில் நோர்வே நாட்டை நாம் பாராட்ட வேண்டும். எமது உறவினர் பலர் குடியேறி வாழும் நாடு அது. அங்கே பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் துப்பாக்கிச் சோதனையில் தேறவேண்டும். முதலில் 30 பயிற்சிச் சூடுகள். பின் 100 மீற்றர் தூரத்தில் கலைமான் உருவத்தின் மீது 5 சூடுகள், ஐந்தும் குறித்த வட்டத்துக்குள் விழவேண்டும். ரவைக்கான விதியும் கவனிக்கத்தக்கது. சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரையானால் 2,700 யூல் சக்தியும், அதற்கு மேலானால் 2,200 யூல் சக்தியும் வேண்டும். இந்தச் சக்தி குழல்வாயில் அளக்கப்படுவதில்லை. 100 மீற்றருக்கு அப்பால், விலங்கு நிற்கக்கூடிய இடத்தில் அளக்கப்படுகிறது. ஸ்கொட்லாந்தின் 1985 ஆம் ஆண்டு விதியோ சிவப்பு மானுக்கு 1,750 அடி-இறாத்தல் சக்தியைக் குழல்வாயிலேயே கேட்டது. அளக்கும் இடத்தால் நோர்வே விதியே விலங்குக்கு நெருக்கமானது என நாம் கருதுகிறோம்.

அமெரிக்காவில் 1887 இல் தியடோர் றூஸ்வெல்ற் தொடக்கிய பூன் அன்ட் குறொக்கற் கழகம் வேட்டைக்காரர்களின் கழகமே. அதுவும் எச்சரிக்கிறது. இவ்வளவு மீற்றருக்கு மேல் கூடாது என அது எண் வகுக்கவில்லை. சுடுபவரின் எண்ணத்தையே பார்க்கிறது. எவ்வளவு தூரத்தில் உயிருள்ள இலக்கை அடிக்கலாம் எனத் தன் கருவியைச் சோதிப்பதே ஒருவரின் எண்ணமாயின், அது வேட்டை ஆகாது என்பது அக்கழகத்தின் நிலைப்பாடு. எண் வகுப்பது கடினம் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எண்ணை வகுத்துக்கொள்ளாவிட்டால், கண்ணுக்குத் தெரியும் மான்களெல்லாம் சுடத்தகும் மான்களாகிவிடும்.

இறைச்சியில் எஞ்சுவது என்ன?

சன்னத்தைத் தெரிவுசெய்வோர் பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. ஈயச் சன்னம் விரியும்போது தூள்தூளாக உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் காயத்துக்கு அப்பாலும் பரவுகின்றன. அமெரிக்காவில் ஈயச் சன்னத்தால் சுடப்பட்ட 30 மான்களின் அரைத்த இறைச்சிப் பொதிகளைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்தபோது, 24 மான்களின் பொதிகளில் உலோகத் துணிக்கைகள் காணப்பட்டன. இவ்வாய்வு 2009 இல் வெளியானது.

2008 மார்ச்சில் வட டக்கோட்டா மாநிலத்தில் நடந்தது எம்மைப் போன்ற கிராமப் பணியாளரைச் சிந்திக்க வைப்பது. வேட்டைக்காரர் ஏழைகளுக்கென நன்கொடையாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துணிக்கைகள் இருப்பது கதிர்ப்படத்தில் தெரியவந்தது. அதைப் பகிர்ந்தளிக்க வேண்டாம் என மாநிலச் சுகாதாரத் திணைக்களம் உணவு நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் 736 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. வேட்டை இறைச்சி உண்டவர்களின் குருதியில் ஈயத்தின் அளவு, உண்ணாதவர்களைவிடச் சற்றுக் கூடியிருந்தது. ஒருவரது அளவும் அக்காலத்தில் ஆபத்தென வகுக்கப்பட்டிருந்த எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, பாதுகாப்பானது எனக் கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நல்லெண்ணத்துடன் கொடுத்த இறைச்சி ஏழைப் பிள்ளையின் தட்டில் நஞ்சைச் சேர்க்குமாயின், அக்கொடைக்குப் பொருளென்ன?

பறவைகளுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. வேட்டைக்காரர் காட்டில் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கலிபோர்னியக் கொண்டோர் கழுகுகள் 1982 இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கி மீண்டும் காட்டில் விடப்பட்ட பின்னரும் அவற்றைக் கொல்லும் முதற் காரணம் ஈயமே. 2019 யூலை முதல் கலிபோர்னியா வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்துள்ளது. 1996 இலேயே ஈயச் சிறுகுண்டுகளைத் தடைசெய்த டென்மார்க், 2024 ஏப்பிரலில் றைபிளின் ஈயச் சன்னங்களையும் தடைசெய்தது.

மாற்று உண்டு. 1980களின் இறுதியிலிருந்தே முழுச் செம்பினாலான சன்னங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அவை இதழ்களாக விரியும், பெரும்பாலும் உதிர்வதில்லை. ஆனால் செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது. ஆதலால் அதே நிறைக்குச் சன்னம் நீளமாகும். அதை நிலையாகச் சுழற்றக் குழலின் உட்புரி நெருக்கமாக இருக்க வேண்டும். விரிவதற்கும் சற்றுக் கூடிய வேகம் வேண்டும். வேறு வார்த்தையில் சொன்னால், செம்பைத் தெரிந்தெடுப்பவர் சில பத்து மீற்றர் அருகே செல்ல வேண்டும். இதைச் செம்பின் குறையென்று பலர் சொல்கின்றனர். உண்ணும் வீட்டின் நலனுக்காக நூறு பாகம் அதிகம் நடப்பதைக் குறையென நாம் கருதவில்லை.

எமது நிலைப்பாடு

எனவே தெரிவின் ஒழுங்கு இவ்வாறு அமையட்டும். முதலாவதாக, வெறுங்கையூன்றியோ சிறு தாங்கியிலோ, மலையேறிய மூச்சிரைப்புடன், ஐந்து சூடுகளையும் ஒரு சாண் வட்டத்துக்குள் எவ்வளவு தூரம் வரை போட முடிகிறது என ஒவ்வொருவரும் சோதித்தறிய வேண்டும். அதுவே அவரது முதல் எல்லை. இரண்டாவதாக, தெரிவுசெய்த சன்னம் எவ்வளவு தூரம் வரை விரியும் வேகத்தைக் காக்கிறது எனப் பார்க்க வேண்டும். அது இரண்டாவது எல்லை. இரண்டிலும் குறைந்ததே சுடத்தகும் தூரம். காற்று வீசும் நாளில் அது இன்னும் குறையும். மூன்றாவதாக, உண்ணும் இறைச்சியெனில் ஈயமற்ற சன்னம். இவை தீர்ந்த பின், உதைப்பைத் தாங்கிப் பயிற்சி செய்யக்கூடிய எந்த ரவையும் நல்ல ரவையே.

"அருகே செல்ல முடியாத வெளிநிலத்தில் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பர். சுடாமல் திரும்பி வரலாம். வெறுங்கையுடன் திரும்பிய வேட்டைக்காரனால் எந்த விலங்கும் வதைபட்டதில்லை.

நம் நாட்டில் நெடுந்தூர றைபிள் வேட்டை இல்லை. ஆனால் பார்க்கும் கண் இல்லாமலே வெடிக்கும் கட்டுத்துவக்குகள் எமது சேனைகளின் ஓரங்களில் இருக்கின்றன. அவை பன்றியென்றும் பார்ப்பதில்லை, யானையென்றும் பார்ப்பதில்லை, விறகு பொறுக்கப் போன பிள்ளையென்றும் பார்ப்பதில்லை. ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் காற்றை ஊகித்துச் சுடும் விலையுயர்ந்த றைபிளுக்கும், பற்றைக்குள் கம்பி கட்டிய கட்டுத்துவக்குக்கும் இடையே பணத்தில் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டிலும், தன் சன்னம் எங்கே போய் விழும் என்று அறியாத ஒருவரே அதை வைத்திருக்கிறார். அதை அறிந்துகொண்ட பின்னரே விசையில் விரலை வைக்க வேண்டும் என்பதே இரு சாராருக்கும் எமது வேண்டுகோள்.